கூட்டினால் ஒன்பது வரணும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு எண்ணைச் சும்மா பார்க்க யாருக்கும் தெரியாது. பார்த்தால் கூட்டிவிடுவார்கள். ஒரு பஸ் வந்து நின்றால், அது எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் நம்பரின் நான்கு இலக்கங்களையும் கூட்டி, வந்ததை மறுபடியும் கூட்டி, ஒற்றை எண்ணாக்கிவிடுவார்கள். அது ஒன்பதாக இருந்தால் ஒரு முகம், எட்டாக இருந்தால் வேறு முகம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களின் உதடு அசைவதைப் பார்த்து சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டுகிறார்கள். அந்த மண்ணில் பிறந்து, அந்தக் கூட்டலை முதன்முதலில் கம்ப்யூட்டரில் போட்டவள் நான். முதன்முதலில் தப்பாகப் போட்டவளும் நானே. அதனால் என் அப்பாவின் பிழைப்பு என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இந்தக் கூட்டல் வியாதிக்கு எங்கள் குடும்பத்தில் தலைமைப் பீடம் என் தாய்மாமா சின்னதுரை. ஜெயங்கொண்டத்தில் முந்திரி வியாபாரம் செய்கிறார். கூட்டினால் எட்டு வருகிற பஸ்ஸில் காலை வைக்கமாட்டார். எட்டு என்றால் சனி, சனி பிடித்த வண்டி போய்ச் சேராது என்பது அவர் கட்சி. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, வந்த பஸ் எல்லாம் எட்டு எட்டாக வந்து, தாலி கட்டி, பந்தி முடிந்து, வாழைமரத்தை அவிழ்க்கிற நேரத்தில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். (அப்பவும், "முழுசா வந்து சேர்ந்தேனா இல்லையா" என்றுதான் கேட்டாராம்.)

என் அப்பா தங்கராசு இதற்கெல்லாம் நேர் எதிர். அவருக்கு நம்பர் பார்க்கத் தெரியாது. நம்பிக்கை இல்லாமல் இல்லை, பொறுமை இல்லை. "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார். அவர் டிப்பர் லாரி டிரைவர். மைன்ஸிலிருந்து சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு போய் சிமென்ட் ஆலையில் கொட்டிவிட்டு மறுபடியும் மைன்ஸுக்குப் போகிற வேலை. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அடுத்தவர் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துவிட்டது. இடுப்பு எப்போது பிடிக்கும் என்று இடுப்புக்கே தெரியாது. லாரியிலிருந்து இறங்கினால் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நடப்பார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொந்தமாக ஒரு டிப்பர் வாங்கி, அதற்கு ஒரு டிரைவரைப் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எடை மேடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார வேண்டும். "ஒரு நாளாச்சும் நான் கீழ நின்னு, என் வண்டி போறதப் பாக்கணும்" என்பார். அவர் பேராசை அவ்வளவுதான்.

நான் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அது கைகூடி வந்தது. கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்கு லோன் எடுத்து, புது டிப்பருக்குச் சொல்லியாகிவிட்டது. டிரைவரும் தயார். அப்பாவோடு வேலை பார்த்த செல்வம். நிதானமான ஆள். குடிக்கமாட்டார், வேகம் போகமாட்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"அண்ணே, சம்பளம் நீங்க பாத்துக் குடுங்க. நம்பர் மட்டும் எட்டு வந்துடக் கூடாதுண்ணே. எட்டுன்னா நான் ஏறமாட்டேன்."

செல்வம் மட்டும் இல்லை, எங்கள் பக்கம் எந்த டிரைவரும் ஏறமாட்டார். விற்கலாம் என்றாலும் வாங்க ஆள் வராது. ஆகவே எட்டு கெட்டதா நல்லதா என்பது விவாதத்துக்கே உரியதல்ல. எட்டு வந்தால் அப்பாவுக்கு டிரைவர் கிடையாது. டிரைவர் இல்லையென்றால் டீக்கடை பெஞ்சும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாமா வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில், பதிவு வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் போன் செய்தார். அப்பா போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"இப்ப எட்டாயிரத்து முந்நூறு ஓடுதுங்க. அம்பது வரைக்கும் காலியா கெடக்கு. எது வேணும்னு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிட்டீங்கன்னா எடுத்து வச்சிடுவேன்" என்றார் ஏஜென்ட்.

எட்டாயிரம் என்றதும் அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு சாமி படத்தைப் பார்த்தார். மாமா எழுந்தே விட்டார்.

"மொத நம்பரே எட்டா? வேணாம் மாப்ள. அடுத்த சீரிஸ் வரட்டும்."

"லோன் ஆரம்பிச்சிருச்சே மச்சான்" என்றார் அப்பா. "வண்டி ஷோரூம்ல சும்மா நிக்குதே."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"எட்டுல ஆரம்பிச்சா என்ன மாமா, கூட்டுனா ஒன்பது வந்தாப் போதும்ல? நான் ப்ரோகிராம் போட்டு எடுத்துத் தரேன்."

அந்த வாரம்தான் காலேஜில் ஒரு எண்ணிலிருந்து அதன் இலக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது எப்படி என்று மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார். மனுஷன் 8342 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எட்டு, மூன்று, நான்கு, இரண்டு என்று கண்ணாலேயே பிரித்துவிடுகிறான். கம்ப்யூட்டருக்கு அது ஒரே ஒரு முழு எண். அதைப் பத்தால் வகுக்கச் சொல்ல வேண்டும். மீதி என்ன வருகிறதோ அதுதான் கடைசி இலக்கம். அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஈவை மறுபடியும் பத்தால் வகுக்க வேண்டும். அடுத்த இலக்கம் வரும். கருவேப்பிலையை நுனியிலிருந்து ஒவ்வொரு இலையாக உருவுகிற மாதிரிதான். எண்ணில் மிச்சம் எதுவும் இல்லாமல் பூஜ்யம் ஆகிறவரைக்கும் உருவ வேண்டும் என்று மேடம் கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொன்னார். நானும் நோட்டில் அடிக்கோடு போட்டேன். (அடிக்கோடு போடுறதுல நான் எப்பவுமே கெட்டிக்காரி.)

பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மாமா, முதுகுக்குப் பின்னால் அம்மா. அறுவை சிகிச்சை அறையில் டாக்டருக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. தட்டினேன். ஓடவிட்டேன். திரையில் வந்தது: "0-க்கு கூட்டு எண் 9."

"எத நீ போட்ட?" என்றார் மாமா.

"உங்க டிராக்டர் நம்பர் மாமா. 9153."

"ஒன்பது சரி. என் டிராக்டர் ஏன் பூஜ்யம் ஆச்சு?"

தப்பு எனக்கு உடனே புரிந்தது. இலை எல்லாவற்றையும் உருவிவிட்டால் காம்புதானே மிச்சம்? இலக்கங்களை உருவி உருவி எண்ணே ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. அந்தக் காம்பைத்தான் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல காரியம் பேசறப்ப பூஜ்யம் காட்டுதே. சகுனமே சரியில்ல" என்றார் மாமா. அம்மாவும் உச்சுக்கொட்டினார்.

நான் இரண்டு காரியம் செய்தேன். முதலில், உருவுவதற்கு முன்னால் எண்ணுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அது சரியான வைத்தியம். அதோடு எழுந்து போயிருந்தால் என் அப்பா இன்றைக்கு டீக்கடையில் இருந்திருப்பார். ஆனால் சகுனம் என்று சொல்லிவிட்டார்களே. பூஜ்யம் என்பதே ப்ரோகிராமுக்குள் எங்கும் தலைகாட்டக் கூடாது என்று முடிவெடுத்தேன். எண் பூஜ்யம் ஆகிறவரைக்கும் உருவு என்று இருந்ததை, எண் ஒற்றை இலக்கம் ஆகிறவரைக்கும் உருவு என்று மாற்றினேன். நம்முடைய நம்பர் சாஸ்திரமே ஒற்றை இலக்கம் வந்ததும் நிறுத்தத்தானே சொல்கிறது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். சாஸ்திரம் நிறுத்தச் சொன்னது கூட்டுவதை. நான் நிறுத்தியது பிரிப்பதை. உலகத்தில் வேறு எந்த நாட்டுக்காரிக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது. அதற்கு எங்கள் மாமா மாதிரி ஒரு மாமா வேண்டும்.

விளைவு என்ன என்றால், நான்கு இலக்கத்தில் கடைசி மூன்றை மட்டும் என் ப்ரோகிராம் கூட்டியது. முதல் இலக்கம் ஒற்றையாக நின்றது. அதைத் தொடவே இல்லை.

பரிசோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். அதுதான் கொடுமை. மாமா டிராக்டர் 9153. விரல் மடக்கினார்: பதினெட்டு, ஒன்பது. ப்ரோகிராமும் ஒன்பது என்றது. பெரியப்பாவின் லோடு ஆட்டோ 9402. மாமா விரலில் பதினைந்து, ஆறு. ப்ரோகிராமும் ஆறு. மாமாவின் பைக் 9621, எதிர் வீட்டுச் சித்தப்பாவின் பால் வண்டி 9050, எல்லாம் அச்சு அசலாகச் சரி.

எல்லாமே ஒன்பதில் ஆரம்பிக்கிற எண்கள். எங்கள் சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் மாமா முன்னால் நின்று, முதலில் ஒன்பது இருக்கிற மாதிரிதான் வாங்க வைப்பார். கூட்டு எண் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எந்த எண்ணோடு ஒன்பதைச் சேர்த்தாலும் கடைசியில் வருகிற ஒற்றை எண் மாறாது. சேர்த்தாலும் அதேதான், விட்டாலும் அதேதான். ஆகவே முதல் இலக்கத்தை நான் விட்டது எந்த வண்டியிலும் தெரியவில்லை. எங்கள் குடும்பத்துக்கே ராசியான ஒன்பது வரிசையாக வந்து நின்று எனக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

மாமா மடக்கிய விரலை நீட்டினார். "இனிமே நான் எதுக்கு வெரல மடக்கிக்கிட்டு? அதான் புள்ள பொட்டில போட்டுப் பாத்துருதே."

"மனுஷன் தப்பு பண்ணுவான் மாமா. கம்ப்யூட்டர் பண்ணாது" என்றேன் நான். (வயசு பத்தொன்பது. வேற என்ன சொல்லியிருப்பேன்?)

8300-லிருந்து 8350 வரைக்கும் ஓடவிட்டேன். ஒன்பது என்று சில எண்கள் வந்தன. அதில் 8342 எனக்குப் பார்க்க லட்சணமாக இருந்தது. எண்ணைப் பார்த்தாலே கூட்டுகிற வம்சத்தில் பிறந்தவள், அதை ஒரு தடவை வாயால் கூட்டிப் பார்த்திருக்கலாம். கூட்டவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன பிறகு விரல் மடக்குவது படித்த பெண்ணுக்கு அவமானம் என்று நினைத்தேன். எந்த எண் என்று மாமா கேட்டதற்கும் சொல்லவில்லை. "பூஜை அன்னைக்கு பிளேட்டுல பாத்துக்கங்க மாமா" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் ஏஜென்ட்டுக்கு மட்டும் போனில் சொன்னேன். அப்பா, "பாப்பா சொன்னதே போட்டுருங்க" என்று மறுநாள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

நம்பர் பிளேட் வருகிறவரைக்கும் நான் தெருவில் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அம்மா பார்ப்பவர்களிடம் எல்லாம், "எங்க புள்ளதான் கம்ப்யூட்டர்ல நம்பர் பாத்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் இரண்டு பேர் காதில் விழட்டும் என்று மெதுவாக நடப்பேன்.

பூஜை கல்லங்குறிச்சி பெருமாள் கோவிலில். காலையிலேயே வேனில் சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. டிப்பரை ஷோரூமிலிருந்து நேராகக் கோவிலுக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தோம். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, குறுக்கே பெரிய சாமந்தி மாலை. அப்பா புது வேட்டி, புதுச் சட்டை, தோளில் துண்டு. டிரைவர் தங்கராசுவை மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு அவர் யாரோ பெரிய மனுஷர் மாதிரி தெரிந்தார். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். செல்வம் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "போயி முன்னாடி பொட்டு வையி" என்றார். மற்றவர்கள் எல்லாம் தேங்காயும் பூசணிக்காயும் எடுக்க வேன் பக்கம் போயிருந்தார்கள். நான் மாலையை ஒதுக்கினேன். பிளேட் பளபளவென்று இருந்தது. 8342.

எண்ணைக் கண்ணால் பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா? எட்டு, மூன்று, பதினொன்று. நான்கு, பதினைந்து. இரண்டு, பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

வலமிருந்து இடமாகக் கூட்டினேன். எட்டு. நடுவிலிருந்து கூட்டினேன். எட்டு. பெருமாளே என்று கண்ணை மூடித் திறந்துவிட்டுக் கூட்டினேன். எட்டு. நான் எழுதிய வரி ஒவ்வொன்றும் வெயிலில் என் கண் முன்னால் ஓடியது. ஒற்றை இலக்கம் ஆகிறவரைக்கும் உருவு. முதல் இலக்கம் நின்றுவிட்டது. எட்டு நின்றுவிட்டது. அப்படியானால் மாமா டிராக்டர் எப்படிச் சரியாக வந்தது என்று யோசித்ததும், அந்த ஒன்பதுகள் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தன. எட்டில் ஆரம்பிக்கிற எண்களில் என் ப்ரோகிராம் ஒன்பது என்று சொன்ன ஒவ்வொன்றும் உண்மையில் எட்டு. ஐம்பது எண்களில் சனி பிடித்ததாகத் தேடிப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த எண் 8343. அதைக் கூட்டினால் பதினெட்டு, ஒன்பது. ஒரே ஒரு எண் தள்ளி எடுத்திருந்தால் போதும்.

அப்போது எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பூசணிக்காய்க்குப் பதில் என்னைப் போட்டு உடையுங்கள் என்று போய்ப் படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

படித்த மூளை வேறு வழி கண்டுபிடித்தது. கிண்ணத்திலிருந்த சந்தனத்தை மொத்தமாக வழித்து அந்த எட்டின் மேல் அப்பினேன். அதன் மேல் குங்குமத்தை அள்ளி வைத்தேன். வடைக்குத் தட்டிய மாவு மாதிரி ஒரு பெரிய பொட்டு. பக்கத்தில் 342 மட்டும் தெரிந்தது. நல்லவேளை, வண்டியின் பின்பக்கம் கோவில் மதிலை ஒட்டி நின்றதால் பின் பிளேட் யார் கண்ணிலும் படவில்லை.

மாமா வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலை மடக்க வேண்டாம் என்று சொன்னவர்தான். ஆனால் பழக்கம் விடுமா? "மூணும் நாலும் ஏழு, ரெண்டு ஒன்பது" என்று நிமிர்ந்தார். "சபாஷ் புள்ள. ஒன்பது."

அந்த ஒரு நொடியில்தான் என் கதி எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் சந்தனத்தால் செய்ததைத்தான் என் ப்ரோகிராமும் செய்திருந்தது.

அர்ச்சனை நடந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைந்தது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான், வீடு போய்ச் சேர்கிறவரைக்கும் அந்தச் சந்தனம் காயாமல், உதிராமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். செல்வம் ஏறப் போனவர், முன்பக்கம் வந்து ஒரு தடவை பார்த்தார். நிதானமான ஆள் என்று முன்பே சொன்னேன்.

"பாப்பா, பிளேட்ட மறைச்சா வழியில போலீஸ் புடிப்பாங்க" என்று இடுப்பிலிருந்த துணியை எடுத்தார்.

"இருக்கட்டும்ண்ணே, சாமி பொட்டு" என்றேன்.

"ஓரமா வேற வச்சுக்கலாம்" என்று அழுத்தித் துடைத்தார்.

எட்டு வெளியே வந்தது. செல்வத்தின் உதடு அசைந்தது. மாமாவின் விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் எல்லோருடைய உதடும் அசைந்தது.

செல்வம் சாவியை அப்பா கையில் வைத்தார். "கோச்சுக்காதீங்கண்ணே. வூட்ல புள்ளைங்க இருக்குது. வூட்டுக்காரி வுட மாட்டா."

"எட்டெல்லாம் ஒண்ணும் பண்ணாதுண்ணே. அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன் நான்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எதுக்கும்மா ப்ரோகிராம் போட்ட?"

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டோம். பதிவாகிவிட்டது, இனிமேல் மாற்ற வழியில்லை என்றார். சொந்தபந்தம் பொங்கலை வாங்கிக்கொண்டு மெதுவாக வேனில் ஏறியது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கருமாதிக்கு வந்த மாதிரி திரும்பினார்கள். டிப்பர் மட்டும் மாலையும் வாழைக்கன்றுமாக நின்றது.

அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டினார். தோளில் இருந்த துண்டைத் தலையில் சுற்றினார். கதவைப் பிடித்து, முட்டியில் கையை ஊன்றி, எப்போதும் போல ஏறி உட்கார்ந்தார். "ஏறு பாப்பா" என்றார். பக்கத்து சீட்டில் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

"எங்க தப்பாச்சு?" என்று கேட்டார்.

"மொத நம்பர விட்டுட்டேன்ப்பா. மிச்சத்த மட்டும் கூட்டிருக்கு."

"ஓ" என்றார். கியரை மாற்றினார். "வண்டி நல்லா இழுக்குது" என்றார்.

டிரைவர் தேடாத இடம் இல்லை. திருமானூர் பக்கம், பெரம்பலூர் பக்கம், எங்கெங்கோ ஆள் விட்டுப் பார்த்தோம். வருவார்கள், வண்டியைச் சுற்றுவார்கள், முன்னால் வந்து நிற்பார்கள், உதடு அசையும், போய்விடுவார்கள். லோன் மட்டும் யாரையும் கேட்காமல் மாசாமாசம் வந்தது. அப்பா அந்த வாரமே மைன்ஸுக்கு ஓட்ட ஆரம்பித்தவர்தான்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல், அந்த வண்டிக்கு இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. பஞ்சர்கூட அளவாகத்தான் ஆகிறது. அது அப்பாவின் ஜாதக பலம் என்கிறார் மாமா. 8343 யாருக்கோ போயிற்று. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், நம்பரே பார்க்காமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டவர். அவர் வண்டிக்கு டிரைவர் உண்டு. அவர் எடை மேடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை, ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிவிடுவேன்.

எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே யாராவது, "டெஸ்ட் பண்ணிட்டோம், எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னால் நான் விடமாட்டேன். எந்த எண்ணை வைத்துப் பார்த்தீர்கள், அது எதில் ஆரம்பிக்கிறது என்று கேட்டு உயிரை எடுப்பேன். வேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவிடம், "போதும்ப்பா, வண்டிய நிறுத்திடுங்க" என்றேன். "நிறுத்தி? வாசல்ல கோலம் போடவா?" என்றார். ஓட்டவும் ஆள் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை.

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், யாராவது புதுச் சம்பந்திகளிடம் என்னைக் காட்டி, "தங்கராசு பொண்ணு, கம்ப்யூட்டர் படிச்சது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாமா விரலை மடக்கிக் காட்டுவார். கடைசி வரியை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். அது அப்பாவுக்கு விட்டு வைத்தது.

"கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்க எல்லாம் அதுங்களுக்குத்தான் வேலை தேடிக்கும்" என்பார் அப்பா. "எம் பொண்ணு ஒரே ஒரு ப்ரோகிராம் போட்டு எனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு."

மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்பாதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு மணியைப் பார்ப்பார். "லோடு கெடக்குது, நான் வரேன்" என்று முட்டியில் கையை ஊன்றி எழுந்து, வாசலில் செருப்பைத் தேடுவார்.